கை கட்டக் கூடாது

கையைக் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு நர்ஸ் மிஸ்ஸி வெளியே போனதும், சற்குணனுக்குத் தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்பதை எட்டப்போகிற மனிதருக்குக் கை வைக்க இடம் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள். முதலில் தொடைமேல் வைத்தார். பிறகு இரண்டு பக்கமும் மெத்தையில் ஊன்றிப் பார்த்தார், ஊன்றியதும் மார்பு இன்னும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது, சட்டென்று மறுபடி தொடைக்கே கொண்டுவந்தார். குளிர்சாதனக் காற்று மார்பில் பட்டது. பகல் வெளிச்சத்தில் அங்கே காற்று பட்டு எத்தனை காலம் இருக்கும், யோசித்தால் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், அங்கே இப்போது போக வேண்டாம். அறைக்குள் வந்ததும் முதல் வேலையாக ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தார், அப்படியும் ஓரமாக ஒரு கீற்று வெயில் வந்து கட்டில் காலில் விழுந்தது. டாக்டர் ஊதா நிறப் பேனாவால் மார்பில் வட்டம் வட்டமாக வரைந்துவிட்டுப் போயிருந்தார், இங்கே கீற வேண்டும், இங்கே உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று. மை ஈரமாக இருக்கிறது, கை பட்டால் கலைந்துவிடும், கலைந்தால் டாக்டர் என்னைத்தான் திட்டுவார் என்று மிஸ்ஸி மலாயில் சொன்னாள். தாய்லாந்தில் மலாய் பேசுகிற யாலா பக்கத்துப் பெண்ணாம், அதனால் அவளுக்கு மலாய் வந்தது. அவரை அபாங் என்று கூப்பிட்டாள். அபாங் என்றால் அண்ணன். அந்தச் சொல்லைக் கேட்டதில் அவருக்கு ஒரு நிம்மதி, அண்ணன் என்றால் ஆம்பிளைதானே.

கை கட்டுவதுதான் அவருடைய பேரும் புகழும். கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் சற்குணனைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதல் பேச்சே அதுதான் வரும். 'தங்கமான மனுசன், சின்ன ஆளுங்ககிட்டகூட கை கட்டித்தான் பேசுவாரு.' கையுறை ஃபேக்டரியில் ஸ்டோர் சூப்பர்வைசர். மேனேஜர் முன்னால் கை கட்டுவார், அது சரி. தனக்குக் கீழே பெட்டி தூக்குகிற நேபாளத்துக்காரர் முன்னாலும் கட்டுவார். அந்த மனிதர் பதறிப்போய்த் தானும் கட்டிக்கொள்ள, இரண்டு பேரும் சாமி முன்னால் நிற்கிற மாதிரி நின்று லாரி கணக்குப் பேசுவார்கள். இடது கை அடியில், வலது கை மேலே, எல்லாரும் கட்டுகிற இடத்தைவிடச் சற்று மேலே, எதை மறைக்க வேண்டுமோ சரியாக அதற்கு நேராக. ஊர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனார் அதைப் பார்த்துத்தான் அடக்கமான பிள்ளை என்று தலையாட்டினார். கோயில் கமிட்டியில் செயலாளர் ஆக்கியதும் அந்தக் கைதான். ஒருநாள்கூட யாருக்கும் பணிந்து அவர் கை கட்டியதில்லை என்று சொன்னால் ஊரே சிரிக்கும். மனசுக்குள் அவருக்குப் பொல்லாத கோபம் உண்டு, வீம்பு உண்டு, மேனேஜரை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டியதுண்டு. எல்லாம் அந்தக் கட்டிய கைக்குப் பின்னால் கிடந்தது.

'கூட வந்தவங்க எங்கே, அபாங்?' என்று டாக்டர் வரைந்து முடித்ததும் மிஸ்ஸி கேட்டாள். யாரும் வரவில்லையே என்றார். அவள் முகம் மாறிவிட்டது. மயக்கம் கொடுத்துச் செய்வது, முடிந்ததும் கூட ஒருவர் இருக்க வேண்டும், இராத்திரியும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஆள் இல்லாமல் டாக்டர் ஊசியைத் தொட மாட்டார். முன்னாடியே செய்தி அனுப்பினோமே என்றாள். அனுப்பினார்கள்தான். குடும்பத்தில் ஒருவருடன் வரவும் என்று கைப்பேசியில் வந்தது, அவரும் படித்தார். ஆனால் அவர் வாழ்க்கையில் எத்தனை கல்யாணப் பத்திரிகை படித்திருக்கிறார், சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து என்று எதில் இல்லை? சுற்றத்தையும் நட்பையும் லாரியில் ஏற்றிக்கொண்டா போகிறோம். தனியாகப் போய், மொய்க் கவரைக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வருகிறோம். இதையும் அந்த மாதிரி ஒரு மரியாதைப் பேச்சு என்று விட்டுவிட்டார். இப்போது என்ன செய்வது? உள்ளே ஒரு அம்மாளுக்கு மூக்கு ஆபரேஷன் நடக்கிறது, அது முடிவதற்குள் யாராவது வந்தால் சரி, இல்லாவிட்டால் மையைத் துடைத்துவிட்டு அடுத்த மாசம் வாருங்கள் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகும்போதுதான் அந்தக் கை கட்டக் கூடாது.

அடுத்த மாசம் ஆகாது. அடுத்த மாசம் செய்தால் காயம் ஆறுவதற்குள் தைப்பூசம் வந்துவிடும். இந்தத் தைப்பூசத்தில் சற்குணன் காவடி எடுக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, முருகனிடம்கூட இன்னும் சொல்லவில்லை, ஆனால் எடுக்கிறார். காவடி எடுக்கிற ஆண் மேலே துணியில்லாமல் எடுக்க வேண்டும். சட்டையோடு எடுத்தால் சாமி கோபித்துக்கொள்ளுமா என்ன, கோபிக்காது, ஊர் பேசும். அதனால் வருஷா வருஷம் அவர் அன்னதான அடுப்படிக்கு ஓடிவிடுவார். மூட்டை மூட்டையாக முட்டைக்கோஸ் நறுக்குவார், அண்டா சாம்பாரைக் கிண்டுவார், பனியன் மேல் பனியன் போட்டு அதற்கு மேலே சட்டை போட்டு வேர்த்து ஊற்றுவார். 'அவனவன் முன்னாடி நின்னு படம் புடிக்க அடிச்சுக்கறான், நம்ம செயலாளரப் பாருங்க, அடுப்புல வேகறாரு' என்று தலைவர் மைக்கிலேயே சொன்னார். அடுப்பில் அவர் வேகவில்லை. வெளியே உறுமி மேளம் ஏறும்போதுதான் வெந்தார். உறுமி இழுக்கிற இழுப்பில் கரண்டி பிடித்த தோள் தானாகக் குலுங்கும், குலுங்கியதை யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார். வேண்டுதல் எதுவும் கிடையாது. நோய் வந்து நேர்ந்துகொண்டதும் இல்லை. ஆசை, அவ்வளவுதான். முதுகிலும் மார்பிலும் வெயில் பட, தோளில் மரத்தை வைத்துக்கொண்டு, தெருவின் நடுவில் ஒருதடவை ஆட வேண்டும் என்று ஆசை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கேட்டபோது இது நோயே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பினாங்கில் கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே, எல்லை தாண்டி ஹட்யாயில். போன வாரம் லீவு எழுதிக் கொடுத்தபோது கை நடுங்கவில்லை. இப்போதும் நடுங்கவில்லை, வைக்க இடம்தான் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்று நினைத்தால் நினைப்பு அங்கேதான் போகும். பந்து விளையாட ஆளைப் பிரிக்க ஜெர்சி ஏது, பாதிப் பேர் சட்டையோடு, பாதிப் பேர் சட்டையைக் கழற்றிவிட்டு. விளையாட்டு வாத்தியார் விரலை நீட்டி நீ இந்தப் பக்கம் என்றார். சற்குணன் சட்டையைக் கழற்றினார். பதிமூன்று வயது, என்ன தெரியும். கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவன் ஒருவன், இன்றைக்கு அவன் பேர்கூட ஞாபகமில்லை, சாதாரணமாக, வழி விடச் சொல்கிற மாதிரி, 'அக்கா' என்றான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, கிள்ளவில்லை. மறுநாள் பள்ளிக்கூடமே அந்த ஒரு சொல்லைச் சொன்னது. அன்றைக்குக் கட்டிய கை. இன்றைக்கும் அடுப்படியில் யாராவது ஒரு பெண்ணை அக்கா உப்பு போட்டாச்சா என்று கேட்டால், அவருடைய கழுத்து கொஞ்சம் திரும்பிவிடும், திரும்பியதை மறைக்க உப்பு டப்பாவைத் தேடுவார். வாய்விட்டுச் சொல்ல முடியாத அவமானம் அது. கால் ஊனம் என்றால் சொல்லலாம், சர்க்கரை என்றால் கூட நாலு பேர் வந்து மருந்து சொல்வார்கள். இதை எந்த வாயால் சொல்வது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார், மிஸ்ஸியிடம் மலாயில் சொன்னார், இரண்டும் கடைக்காரரிடம் சாமான் பேர் சொல்கிற மாதிரி வந்துவிட்டது. தமிழில் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. தமிழில் அதற்குக் கனம் அதிகம்.

மனைவி லோகேஸிடம் சொன்னது என்ன? ஹட்யாய்க்குப் போகிறேன், இந்த ஓட்டலில் தங்குவேன், இரண்டு நாளில் வருவேன். அவ்வளவுதான் சொன்னார். மனைவியிடம் ஒரு ஆண்பிள்ளை தனியாகச் சியாமுக்குப் போகிறேன் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று கெடாவில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸில் வந்த கூட்டமே அதற்குச் சாட்சி. பக்கத்து சீட்டுக்காரர், கூலிமில் டயர் கடை வைத்திருக்கிறவர், தொடையில் தட்டி, 'அண்ணே, கூட்டமா போறவனெல்லாம் சும்மா கத்திட்டு வருவான், தனியா வர்ற ஆளுதான் வெவரமான ஆளு' என்று கண்ணடித்தார். சற்குணன் மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்பது மட்டுமா, லேசாகச் சிரிக்கவும் செய்தார். பொம்பளை பொறுக்கி என்று பேர் வந்தால் வரட்டும், அதுவும் ஆம்பிளைப் பேர்தானே என்று எல்லைச் சாவடி வரிசையில் நிற்கும்போது தோன்றியது. தோன்றியதும் லோகேஸின் முகம் வந்தது. அவள் ஒன்றுமே கேட்கவில்லை. 'சரி' என்றாள், சட்டையைத் தேய்த்து வைத்தாள், குளிக்கப் போனாள். சுத்தம் என்றால் அவள்தான். இராத்திரி படுக்கும் முன்னால் ஒரு குளியல், சமயத்தில் இரண்டு, சந்தன சோப்பு வாசனை அறை முழுக்க நிற்கும். அலுவலகத்தில்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், என் வீட்டுக்காரி மாதிரி சுத்தம் யாருக்கும் வராது என்று. நல்ல பெண். கல்யாணமான முதல் வருஷம் ஒருநாள், விளக்கு அணைத்த பிறகுதான், எப்போதும் விளக்கு அணைத்த பிறகுதான், அவள் கை அவருடைய பனியனுக்குள் நுழைந்தது. மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நல்லவேளை, இன்னும் ஒரு விரற்கடை போயிருந்தால் தெரிந்திருக்கும், தப்பித்தோம் என்று விடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் அப்படிச் செய்யவே இல்லை.

யாரைக் கூப்பிடுவது. டயர் கடைக்காரர் நம்பர் கொடுத்திருக்கிறார், இந்நேரம் எங்கே என்ன நிலைமையில் கிடக்கிறாரோ, வந்தாலும் பார்த்துவிட்டுக் கூலிம் முழுக்கச் சொல்லுவார். கமிட்டித் தலைவர்? ஐயோ. சம்பளத்துக்கு ஆள் பிடிக்க முடியுமா, மிஸ்ஸியைக் கேட்டால் அவள் அண்ணனோ மாமாவோ இருக்க மாட்டார்களா, கேட்கலாம், ஆனால் மயக்கத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? ஆகிவிட்டால் என்ன, பெட்டியில் போட்டு எல்லை தாண்டி அனுப்புவார்கள். அனுப்பிய பிறகு. அங்கேதான் எப்போதும் நினைப்பு போய் மாட்டிக்கொள்ளும். வீட்டு முன்னால் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தி, ஆண்கள் சுற்றி நின்று குளிப்பாட்டுவார்கள். சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். கை கட்ட முடியாது. செத்தவன் கையை அவர்களே எடுத்து இரண்டு பக்கமும் நேராக வைப்பார்கள். எத்தனையோ இராத்திரி இதை நினைத்து வேர்த்து எழுந்திருக்கிறார், சாவுக்குப் பயமில்லை, சாவுக்கு மறுநாள் காலைதான் பயம். அப்படியென்றால் வெட்டி எடுத்த பிறகு சாகலாம், வெட்டுவதற்கு முன்னால் மட்டும் சாகக் கூடாது என்று ஒரு கணக்கு வந்தது, வந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டார். சிரித்ததில் மார்பு குலுங்கியது, குனிந்து பார்த்தார், ஊதா வட்டங்கள் குலுங்கின. கை மேலே எழுந்தது. பாதியில் நிறுத்தினார். முடியாது. மையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போக முடியாது. திரும்பிப் போனால் அடுப்படி, அண்டா, அந்த உறுமி. மானம் போனால் போகட்டும், இன்றைக்கு இது நடக்க வேண்டும். கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது, கைப்பேசியை எடுத்தார்.

மணி ஒருதடவை முழுதாக அடிக்கவில்லை, லோகேஸ் எடுத்துவிட்டாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பசியாறியாச்சா என்று ஆரம்பிப்பவள், இன்று 'எங்க இருக்கீங்க?' என்றாள். பின்னால் மோட்டார் சத்தம், யாரோ சியாம் மொழியில் கூவுகிற சத்தம். 'ஹட்யாய்லதான்' என்றார். 'தெரியும். நானும் இங்கதான் நிக்கிறேன், நீங்க சொன்ன ஓட்டல் வாசல்ல. காலையில வேன் புடிச்சு வந்துட்டேன். பாப்பாவ அக்கா வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன்.' அக்கா என்ற அந்தச் சொல் வந்தது, கழுத்து திரும்பவில்லை, திரும்ப நேரமில்லை. 'உள்ள கேட்டா அந்த ஆளு விடியக்காலையே கெளம்பிப் போயிட்டாருன்றான். சொல்லுங்க. எவ வீட்ல இருக்கீங்க?' கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள், வந்தது சரி, கையில் சூலத்தோடு வந்திருந்தது. 'எவ வீடும் இல்ல லோகேஸ். ஆஸ்பத்திரியில இருக்கேன்.' 'என்ன நோய வாங்கிக்கிட்டீங்க?' என்று அவள் கேட்டபோது குரல் உடைந்தது. 'நோய் இல்ல. கேளு. என் மாரு... பொம்பளைக்கு இருக்கற மாதிரி இருக்கு. சின்ன வயசுலேருந்தே. அத வெட்டி எடுக்க வந்திருக்கேன். கூட ஒரு ஆள் இல்லாம செய்ய மாட்டேங்கறாங்க. நீ வரணும்.' தமிழில் சொல்லியாயிற்று. கூரை இடிந்து விழவில்லை. குளிர்சாதனம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'எடத்த அனுப்புங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

அவள் வருவதற்குள் எத்தனை தடவை அந்த உடுப்பை இழுத்து மூடலாம் என்று கை போனது, முன்பக்கம் திறந்த பச்சை உடுப்பு அது, நாடா இரண்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மை இந்நேரம் காய்ந்திருக்கும் என்று ஒரு மனசு. காய்ந்ததோ இல்லையோ, பனியனுக்குள் கை விடவிடாமல் வாழ்ந்தது போதும் என்று இன்னொரு மனசு. பார்த்ததும் சிரிப்பாளா, சிரித்தால் தாங்கிக்கொள்ளலாம், பரிதாபப்பட்டால்தான் முடியாது. நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது, நின்றது, மிஸ்ஸி ஏதோ சொன்னாள், மறுபடி கேட்டது. கதவு திறந்தது. லோகேஸ் கல்யாண வீட்டுக்குப் போடுகிற மெரூன் சுடிதாரில், கழுத்தில் பதக்கச் சங்கிலியோடு, பவுடர் வேர்வையில் திட்டுத்திட்டாக, நின்றாள். சக்களத்தியைப் பார்க்கப் போகிறவள் அழகாகத்தானே போக வேண்டும். கதவைச் சாத்தினாள். பார்த்தாள். சற்குணன் கைகளைத் தொடையிலேயே வைத்துக்கொண்டார், விரல்கள் மட்டும் துணியைக் கவ்விக்கொண்டன.

'இதுவா?' என்றாள். 'இதுதான்' என்றார். 'இதுக்கா அன்னிக்கு என் கையப் புடிச்சு வெளிய எடுத்தீங்க?' எந்தக் கை என்று அவருக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. 'பதினோரு வருசம். என் மேல ஏதோ வாட அடிக்குது, அதான் கிட்ட வந்தா திரும்பிக்கறாருன்னு நெனச்சேன். அம்மாகிட்டகூட கேட்டேன், என் மேல வாட அடிக்குதாம்மான்னு. ராத்திரி ரெண்டு ரெண்டு தடவ சோப்பு போட்டுத் தேச்சுக் குளிச்சிட்டு வந்து படுப்பேன், நீங்க செவத்தப் பாத்துப் படுத்திருப்பீங்க. இதச் சொல்லியிருந்தா என்ன? வாய்ல என்ன வச்சிருந்தீங்க?' தன்னை ஒளித்துக்கொண்டதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தார், அவளையும் சேர்த்து மூடி வைத்திருக்கிறார். சந்தன சோப்பு வாசனை இப்போதும் அவளிடமிருந்து வந்தது. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டார். 'தப்புதான், லோகேஸ். ஆனா செய்ய வேணாம்னு மட்டும் சொல்லாத. இத நான் செஞ்சுக்கத்தான் போறேன்.' 'யாரு வேணாம்னா?' என்று கத்தியவள், எட்டு வைத்து வந்து இரண்டு கைகளாலும் அவர் மார்பிலேயே அடித்தாள், ஒன்று, இரண்டு, மூன்றாவது அடி அடியாக விழவில்லை, உள்ளங்கைகள் அங்கேயே நின்றுவிட்டன. சூடாக இருந்தன. அவர் அந்த மணிக்கட்டுகளைப் பிடிக்கவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த மிஸ்ஸி வாயில் கை வைத்தாள். வட்டங்கள் எல்லாம் கலைந்து மார்பு முழுக்க ஊதா அப்பியிருந்தது, லோகேஸின் இரண்டு உள்ளங்கையிலும் ஊதா. அபாங்கிடம் கை கட்டக் கூடாது என்றுதானே சொன்னேன் என்று புலம்பினாள், அவர் கட்டவே இல்லை என்பதை அவளுக்கு எப்படி விளங்க வைப்பது. மூக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, டாக்டரை மறுபடி கூப்பிட வேண்டும், புதிதாக வரைய வேண்டும். லோகேஸ் உள்ளங்கைகளைப் பார்த்தபடி, இந்த மை சோப்பு போட்டால் போகுமா என்று மலாயில் கேட்டாள். சீக்கிரத்தில் போகாது, நாலைந்து நாள் இருக்கும் என்றாள் மிஸ்ஸி. 'இருக்கட்டும்' என்று தமிழில் சொல்லிவிட்டு, அவள் புருஷனைப் பார்த்து, 'பசியாறியாச்சா?' என்றாள். 'இல்ல, வெறும் வயித்துல இருக்கச் சொல்லியிருக்காங்க.' 'நானும் இல்ல' என்றாள். டாக்டர் பேனாவோடு வந்தார், பழைய மையை மருந்துப் பஞ்சால் துடைத்துவிட்டு, எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிடச் சொன்னார். சற்குணன் நின்றார், கைகளைத் தொங்கவிட்டார். பேனா மார்பில் பட்டதும் டாக்டர் நிறுத்தி, வெளிச்சம் பற்றாது என்றார். மிஸ்ஸி சுவிட்சைத் தேடுவதற்குள் லோகேஸ் ஜன்னல் பக்கம் போய்த் திரையை முழுவதுமாக ஒதுக்கிவிட்டாள்.